ஆறு மாத விலக்கு

அத்தியாயம் 17

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து கவரைப்பேட்டையில் இறங்கியபோது தாவீதுக்கு இரண்டே ஆசைகள்தான் இருந்தன. குளிக்க வேண்டும். போன் அடிக்கக் கூடாது. சட்டையைக் கழற்றுவதற்குள் போன் அடித்துவிட்டது.

"ஸ்தோத்திரம் பிரதர். தூங்கிட்டீங்களா?" என்றார் பாஸ்டர் சாம்சன்.

"இல்ல பாஸ்டர். இப்பதான் வந்தேன்."

"சாயங்காலம் நாலு மணிக்கு பொன்னேரில வக்கீல் ஆபீஸ். நம்ம பதில் மனு ரெடியாயிடுச்சி. நீங்க வந்து ஒரு கையெழுத்து போட்டா நோட்டரி சீல் வாங்கிடலாம். திங்கக்கெழம வாய்தா. மறந்துடாதீங்க."

மறக்க முடிந்திருந்தால் தாவீது இந்த ஐந்து மாதத்தில் எவ்வளவோ நன்றாகத் தூங்கியிருப்பார்.

சபை மேல் கேஸ் போட்டிருப்பது வேறு யாருமில்லை, அவர் உடன்பிறந்த தங்கை அருணா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசர். புருஷன் இம்மானுவேல் இறந்து ஒன்பது வருஷம் தனியாக இருந்தவள், இந்த வருஷம் பிப்ரவரியில் மணவாளனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். மணவாளனும் மனைவியை இழந்தவர். பக்கத்துக் கிராமத்தில் நெல் வயல் வைத்துக்கொண்டு கேன்டீனுக்குக் காய்கறி போடுகிறவர். அவர் வீட்டில் முருகன் படம் மாட்டியிருக்கிறது. கமிட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆறு மாதத்துக்கு அருணாவுக்கு ஆராதனையில் திருவிருந்து அப்பம் கிடையாது, சபையார் யாரும் அவளோடு பந்தியில் உட்காரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரித் தீர்மானத்தைப் பாஸ்டர் வாசிக்க மாட்டார். ஆசீர்வாதம் கூறுகிற வாயால் அதைச் சொல்லக் கூடாதாம். செயலாளர்தான் வாசிக்க வேண்டும். சபை முழுவதும் எழுந்து நின்று கேட்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அங்கே செயலாளர் நம் தாவீதுதான். தங்கையின் பெயரைத் தன் வாயாலேயே வாசித்தார். "திருமணத்துக்கு முன்பே பழக்கம் இருந்ததாக அவரே போதகரிடம் ஒப்புக்கொண்டபடி" என்ற வரியைக்கூட விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பாஸ்டரை நம்பி, அழுதபடி அருணா சொன்ன விஷயம் அது. தாவீது வாசித்ததை யாரோ போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஒரே வாரத்தில் கேன்டீனில் தட்டு கழுவுகிறவர்கள் வரை பார்த்துவிட்டார்கள்.

அருணா நஷ்ட ஈடு கேட்கவில்லை. அந்த அறிவிப்பு செல்லாது என்று கோர்ட் சொல்ல வேண்டும், சபையே அதை எல்லார் முன்பும் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறாள். அறிவிப்புக்கு முன்பே நான் சபையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், விலகிப் போனவளைத் தண்டிக்க இவர்கள் யார் என்பது அவள் வாதம். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்பது சபையின் பதில். அந்தப் பதிலின் கீழேதான் இன்று செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

சுகிர்தா இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாஸ்டரா? இன்னாவாம்?"

"கையெழுத்து."

"போட்டுட்டு வந்து தூங்குங்க. இந்த பேஜாரு ஒழிஞ்சா போதும். லெட்டர் வரலன்னுதான போடணும்? வரலதான?"

தாவீது இட்லியைப் பிட்டார். சட்னியில் தொட்டார். வாயில் வைக்காமல் தட்டிலேயே வைத்தார்.

இருபத்தாறு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்தவள் சுகிர்தா. பசியில்லாமல் சாப்பிடாததற்கும் பொய் சொல்ல முடியாமல் சாப்பிடாததற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்ப வந்துச்சி?"

"வாசிக்கிறதுக்கு பதினோரு நாள் முன்னாடி. புதங்கெழம. உபவாச ஜெபம் முடிஞ்சி ஆபீஸ்ல உக்காந்துகினு இருந்தேன். ரெண்டு காப்பி கொண்டாந்தா. ஒண்ணுல 'பெற்றுக்கொண்டேன்'னு எழுதி, கையெழுத்து போட்டு, சபை சீல் வச்சி அவ கையிலயே குடுத்துட்டேன்."

"படிச்சிப் பாக்காமயா?"

"ஏதோ சர்டிபிகேட் கேக்கறான்னு நெனச்சேன். அவ போனப்பறம்தான் படிச்சேன்."

யார் எதை நீட்டினாலும் சீல் வைத்துக் கொடுப்பது பதினெட்டு வருஷப் பழக்கம். சீல் வைத்த கையே பிறகு அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டது. கமிட்டியில் அவர் வாயைத் திறக்கவில்லை.

"எங்க இருக்குது அது இப்ப?"

"இல்ல. அவ பேர வாசிச்ச மறுநாள் பர்னஸ்ல போட்டுட்டேன்."

தாவீது வேலை பார்ப்பது இரும்பு உருக்கும் ஆலையில். அங்கே ஒரு காகிதம் என்ன ஆகும் என்று சுகிர்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்பிடி இன்னாங்க அவசியம்?"

"விலகிட்டான்னா பேர அடிச்சிடுவாங்க சுகிர்தா. கல்லறைல எடம் கெடையாது. இம்மானுவேல் பக்கத்துல அவளுக்குன்னு விட்டு வச்ச எடம் அது. நடவடிக்கைன்னா ஆறு மாசம்தான். அப்பறம் சபை முன்னால நின்னு ரெண்டு வார்த்தை சொன்னா கை குடுத்து சேத்துக்குவாங்க. கோவத்துல எழுதனது, ஆறிடும்னு பாத்தேன். இன்னும் இருபத்தியேழு நாள்தான் பாக்கி."

நாள் கணக்கு வைத்திருந்தார் மனிதர். சுகிர்தாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொந்தத் தங்கையை ஊர் சிரிக்க நிற்க வைத்துவிட்டு, அதை அவள் நன்மைக்குச் செய்ததாக இவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வினோதாவுக்கு மொத ஓலை. ஞாபகம் இருக்குதா?"

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபையில் வாசிப்பதுதான் ஓலை. மகள் வினோதாவுக்கு மீஞ்சூரில் மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் வரை பேசி முடித்தாகிவிட்டது.

"இருக்குது."

"நீங்க லெட்டர மறச்சது தெரிஞ்சா உங்க மேலயே நடவடிக்கை எடுப்பாங்க. அப்பன் நடவடிக்கைல இருந்தா பொண்ணுக்கு ஓலை வாசிக்க மாட்டாங்க. மீஞ்சூர்க்காரங்க எவ்ளோ கறாருன்னு உங்களுக்கே தெரியும்."

"இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொன்னா நாளைக்கி 'நீதான சொன்ன'ன்னு எம்மேல தள்ளிடுவீங்க. மறைக்கும்போது என்னக் கேட்டா மறைச்சீங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். தாவீது படுத்தார். கண் எரிந்ததே தவிர தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் ஏறினார்.

ஒரு விஷயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. சீல் வைத்த அந்த நகலை அருணா கோர்ட்டில் போடவில்லை. தொலைந்துவிட்டதாக அவள் வக்கீல் சொல்லியிருக்கிறார். பத்து வருஷத்து சிலிண்டர் ரசீதுகளைக்கூட அடுக்கி வைத்திருக்கும் அருணாவா ஒரு காகிதத்தைத் தொலைப்பாள்? இன்று இவர் பொய் சத்தியம் செய்து, திங்கட்கிழமை அவள் அதை நீட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். தங்கையைப் பார்க்க வேண்டும் என்ற பாசம் பாதி, இந்தப் பயம் பாதி. பயம் பாதிக்கும் கொஞ்சம் மேலேயே இருக்கும்.

கம்பெனி கேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனபோது முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. தலையில் வலைத் தொப்பியோடு, சாம்பார் அண்டா பக்கத்தில் நின்று அருணா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அதட்டலை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

"இன்னாண்ணா, நீ இங்கெல்லாம் வரலாமா?"

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு. ஒன்றரைக்கு அடுத்த பந்தி."

கை கழுவும் தொட்டி ஓரமாக இருவரும் நின்றார்கள். ஐந்து மாதத்தில் அவள் இளைத்திருந்தாள். காதோரம் நரை தெரிந்தது. போன வருஷம் வரை அவளுக்கு நரை இருந்ததாகத் தாவீதுக்கு நினைவில்லை.

"அந்த நகல் எங்கம்மா?"

"பேக்ல கீது. ஊட்ல வச்சா மணவாளன் பாத்துட்டு கோர்ட்ல போடுன்னுவாரு."

"தொலஞ்சிட்டதா உன் வக்கீல்..."

"நான்தான் அப்பிடி சொன்னேன். அவரும் வாய்தாவுக்கு வாய்தா கேக்கறாரு. தேடறேன் சார், தேடறேன் சார்னு ஓட்டிக்கினு இருக்கேன்."

"இன்னாத்துக்கு?"

அருணா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுல உன் கையெழுத்து இருக்குதுண்ணா. அத்த போட்டா கேஸ் ஒரே நாள்ல முடியும். நீயும் முடிஞ்சிடுவ. லெட்டர வாங்கி வச்சிகினு என் பேர வாசிச்சியான்னு எல்லாரும் உன்னத்தான் கேப்பாங்க. நான் கேஸ் போட்டது சபை மேல. உம்மேல இல்ல."

தன்னைப் போலவே இவளும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். அவர் ஒளித்ததால் இவள் மானம் போனது. இவள் ஒளிப்பதால் இவளுடைய கேஸே போகப் போகிறது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன் மறச்ச?" என்று அருணா கேட்டாள்.

காலையில் சுகிர்தாவிடம் சொன்னதையே சொன்னார். ஆறு மாதம்தான் என்றார். இம்மானுவேல் பக்கத்து இடத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சப்பென்று இருந்தது.

"நான் செத்தா எங்க படுப்பேன்னு யோசிச்சிருக்க. உசுரோட இருக்கறவ நாளைக்கி காலைல எப்பிடி வேலைக்கிப் போவான்னு யோசிக்கல. அந்த வீடியோ வந்த அன்னிக்கி இதே எடத்துல, நான் போன பக்கமெல்லாம் பேச்சு நின்னுச்சி. பாஸ்டர்கிட்ட சொன்னத அவரு கமிட்டில சொன்னாரு. சரி, அவரு வேற மனுஷன். அத்த வாசிச்சது நீ."

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னிக்கி கையெழுத்துன்னு எனக்கும் தெரியும். போட்டுடு. வினோதா ஓலை நல்லபடியா முடியட்டும். தோத்தா தோத்துட்டுப் போறேன். எனக்கு அலுத்துப்போச்சிண்ணா."

போகத் திரும்பியவள் நின்றாள். "சாப்ட்டியா? ஓ, எங்கூட பந்தில உக்காரக் கூடாதில்ல."

தாவீது ஒரு தட்டை எடுத்தார். நீல யூனிபார்ம் போட்ட தொழிலாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். அருணா உட்காரவில்லை. அறுநூறு பேருக்குப் பரிமாற வேண்டும். ஒரே ஒரு முறை அவர் பக்கம் வந்து, கேட்காமலேயே ஒரு அப்பளம் வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குப் பொன்னேரியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் வக்கீல் வெங்கடேசனின் அறை. பாஸ்டர் சாம்சன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சிரைப்பு, மாடி ஏறிய களைப்பு இன்னும் அடங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தாவீது டெங்குவில் கிடந்தபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தவர். அதனால்தான் அவரிடம் எதுவும் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"உக்காருங்க சார். மூணு பக்கம். படிச்சிப் பாத்துட்டு கடைசில போடுங்க. படிச்சிப் புரிஞ்சிகினேன்னு நோட்டரி முன்னால சொல்லணும்" என்றார் வக்கீல்.

தாவீது மனுவைக் கையில் எடுத்தார். காகிதம் கையில் வந்தால் சத்தமாக வாசிப்பது அவர் பழக்கம். வாசித்தார். சபையில் வாசிப்பாரே, அதே குரல். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கத்தில் ஏழாவது பத்தி.

"வாதியிடமிருந்து விலகல் கடிதம் எதுவும் எக்காலத்திலும் இச்சபையின் செயலாளராகிய எனக்கு..."

குரல் நின்றது. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கண்ணாடி வேணுமா பிரதர்?" என்று பாஸ்டர் கேட்டார்.

"கண்ணாடி வேணாம் பாஸ்டர். லெட்டர் வந்துச்சி. நான்தான் சீல் வச்சி வாங்கினேன். நான்தான் எரிச்சேன்."

வக்கீல் வெங்கடேசன் பேனாவை மூடினார். அவர் நெற்றியில் குங்குமம். சபைக்கட்டுப்பாடு எல்லாம் அவருக்குப் பாதிதான் புரியும். இது முழுசாகப் புரிந்தது.

"சார், இனிமே இந்த மனுவ நான் தாக்கல் பண்ண முடியாது. தெரிஞ்சே பொய்ய கோர்ட்ல போட்டா எனக்கும் சேத்துதான் கேள்வி. பாஸ்டர், நான் ஆரம்பத்துலயே சொன்னேன். அந்தம்மா தனியா சொன்னத மைக்ல போட்டதே நமக்கு வீக்கு. இப்ப இதுவும் சேந்துடுச்சி. பேசி முடிச்சிக்கலாம்."

பாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. தாவீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷம் பிரதர். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் பாஸ்டர்."

"சொல்லியிருந்தா அந்தம்மா பேர அடிச்சிட்டு அன்னிக்கே விட்டிருப்பேன். நமக்கு கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

தாவீது தலையாட்டினார். உண்மைதான். ஒரே ஒரு பெயரை நோட்டில் கோடு போட்டு அடித்திருப்பார்கள். அருணா தன் பாட்டுக்கு மணவாளனோடு இருந்திருப்பாள்.

"திங்கக்கெழம நானே கோர்ட்டுக்கு வந்து சொல்லிடறேன்" என்றார்.

"நான் உங்களத் தடுக்க மாட்டேன். ஆனா கமிட்டிய இன்னிக்கே கூட்டணும். விசாரண முடியற வரைக்கும் ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததில்ல." சொல்லும்போது பாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

தாவீது படியிறங்கி வந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. முதலில் அருணாவைக் கூப்பிட்டார்.

"நான் கையெழுத்து போடலம்மா. வந்துச்சின்னு சொல்லிட்டேன். அந்த நகல உன் வக்கீல்கிட்ட குடுத்துடு."

அந்தப் பக்கம் யாரையோ அண்டாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் வெளியே நடக்கும் சத்தம் கேட்டது.

"அருணா?"

"அது இல்லண்ணா. நீ போனதும் கிழிச்சி எச்சி ட்ரம்முல போட்டுட்டேன். வண்டி வந்து எடுத்துகினு போயிடுச்சி. நீ பயந்துகினு வந்து நின்ன பாரு, என்னால பாக்க முடியல. பயமில்லாம கையெழுத்து போடட்டும்னுதான்..." அவள் அழுதாள். ஐந்து மாதத்தில் அவள் அண்ணனிடம் அழுதது அதுதான் முதல் தடவை.

கடிதம் உலையில் போனது. நகல் குப்பையில் போனது. இனி அந்தக் கடிதம் வந்ததற்கு உலகத்தில் மிச்சமிருப்பது தாவீதின் வாய் ஒன்றுதான்.

"சரிம்மா. நான் வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அடுத்து வீட்டுக்கு. சுகிர்தா முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"நான் போடல சுகிர்தா. எல்லாத்தயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம ஓலை இல்ல."

"ம்."

"மீஞ்சூருக்கு நானே போய் சொல்றேன். வினோதாகிட்ட எப்பிடி சொல்றதுன்னுதான் தெரியல."

"அவ மத்தியானமே லீவு போட்டுட்டு வந்துட்டா. எல்லாத்தயும் சொல்லிட்டேன். பக்கத்துலதான் இருக்கா. போனு ஸ்பீக்கர்ல இருக்குது" என்றாள் சுகிர்தா.

சென்னை வண்டிக்கு அறிவிப்பு வந்து முடிந்தது. தாவீது போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்பா" என்றாள் வினோதா. கோபமாகக்கூட இல்லை. "அத்தை லெட்டர் குடுத்த அன்னிக்கே நீ அத கமிட்டில குடுத்திருந்தா, என் ஓலைக்கு இன்னாப்பா ஆயிருக்கும்?"

தாவீது யோசித்தார். ஐந்து மாதத்தில் ஒருநாள்கூடத் தன்னை இப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றார்.